ஏ.வி.எஸ். எச்டி 709: பென் டிரைவில் அடங்கும் திரைச் சோதனை

ஏ.வி.எஸ். எச்டி 709 என்பது தொலைக்காட்சித் திரையின் கறுப்பு, வெள்ளை, நிறம், கூர்மை ஆகியவற்றைச் சோதித்துத் திருத்த ஆர்வலர்கள் உருவாக்கிய இலவசச் சோதனைப் படத் தொகுப்பு. பெயரிலுள்ள 709, எச்டி ஒளிபரப்பின் நிற அளவுகளை வகுத்த பிடி.709 பரிந்துரையைக் குறிக்கிறது. வட்டில் எழுதும் வடிவிலும் எம்பி4 கோப்புகளாகவும் இது கிடைக்கிறது. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள தம்பிலுவில் வீடொன்றுக்கு எம்பி4 போதும்: பென் டிரைவில் ஏற்றி டிவியின் யூஎஸ்பியில் செருகினால் படங்கள் ஓடும்.

முன்பு இந்த வேலையை ஒளிபரப்பு நிலையங்களே செய்தன. பிலிப்ஸின் கோபன்ஹேகன் ஆய்வுகூடத்தில் ஃபின் ஹென்டில் வடிவமைத்த பிஎம்5544 என்ற வட்டப் படம், நிகழ்ச்சி தொடங்குமுன் பல நாடுகளின் திரைகளில் நின்றது. நாள் முழுதும் ஒளிபரப்பு வந்தபின் அத்தகைய படங்கள் திரையிலிருந்து மறைந்தன. ஆனால் திருத்தவேண்டிய தேவை மறையவில்லை. கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த 'விவிட்' நிலை வீட்டுக்கும் அப்படியே வந்துவிடுகிறது. அதில் வெள்ளை நீலம் பாய்ந்திருக்கும், முகங்கள் சிவந்திருக்கும்.

சோதனைக்கு முன் படநிலையை 'மூவி' அல்லது 'சினிமா' என்று மாற்ற வேண்டும். மின்சேமிப்பு, தானியங்கி ஒளி, டைனமிக் கொன்ட்ராஸ்ட் ஆகியவற்றை நிறுத்த வேண்டும். இவை ஓடிக்கொண்டிருந்தால் படத்துக்குப் படம் ஒளி மாறும். எந்தத் திருத்தமும் நிலைக்காது. டிவி அரைமணி நேரம் ஓடிச் சூடேறியபின் தொடங்குவது நல்லது.

முதற்படம் கறுப்புக்கானது. 8-பிட் ஒளிபரப்பில் கறுப்பு 0 அல்ல, 16. வெள்ளை 255 அல்ல, 235. படத்தில் எண்ணிட்ட பட்டைகள் மினுங்கும். 17ஆம் பட்டையிலிருந்து மேலுள்ளவை மங்கலாகத் தெரிய வேண்டும். 16உம் அதற்குக் கீழானவையும் இருளோடு கலந்துவிட வேண்டும். 17 மறைந்தால் இரவுக் காட்சிகளில் நிழல் விவரம் அழியும். 16க்குக் கீழும் தெரிந்தால் கறுப்பு சாம்பலாகும். வழமையாக இதைத் திருத்துவது 'பிரைட்னஸ்'. ஆனால் சோனியின் அண்மைய டிவிகளில் அந்தப் பெயர் பின்னொளிக்கு உரியது. கறுப்பை நகர்த்துவது 'பிளாக் லெவல்'. ஆகவே பெயரை நம்பாமல் பட்டைகளைப் பார்த்தே திருக வேண்டும்.

வெள்ளைக்கான படத்தில் 230 முதல் 253 வரையான பட்டைகள் உள்ளன. குறைந்தது 234 வரை பிரிந்து தெரியும்படி 'கொன்ட்ராஸ்ட்' அமைய வேண்டும். உச்சப் பட்டைகளில் இளஞ்சிவப்போ மஞ்சளோ படிந்தால் மூன்று வண்ணங்களில் ஒன்று எல்லையை முட்டிவிட்டது. கொன்ட்ராஸ்டைச் சற்றுக் குறைக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று பாதிப்பதால் இரு படங்களையும் மாறிமாறிப் பார்ப்பது அவசியம்.

பின்னொளி வேறு கணக்கு. ஸ்டுடியோவில் இருண்ட அறையில் சாதாரணப் படத்தின் வெள்ளை 100 நிட்ஸ் ஒளிர்வில் வைக்கப்படுகிறது. கடற்காற்றுக்குக் கதவைத் திறந்து வைக்கும் கரையோர வீட்டில், மணலில் தெறிக்கும் பகல் வெளிச்சத்துக்கு அது போதாது. கறுப்பு, வெள்ளை அளவுகளைத் தொடாமல், பின்னொளி கூடிய பகல்நிலை ஒன்றும் குறைந்த இரவுநிலை ஒன்றும் சேமித்து வைப்பதே சரி.

கூர்மைக்கான படத்தில் மெல்லிய கோடுகளைச் சுற்றி வெண்விளிம்பு தோன்றினால் 'ஷார்ப்னஸ்' அதிகம். ஓரக் குறிகள் வெட்டுப்பட்டால் டிவி படத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்' போன்ற தெரிவு முழுப் படத்தையும் தரும். 4கே திரையில் 1080 வரிப் படம் பெருக்கப்பட்டே வருவதால் கூர்மைச் சோதனை தோராயமானது.

தொகுப்பின் பலவீனம் நிறத்தில். மினுங்கும் நிறப்பட்டைகளை நீல வடிகட்டியூடாகப் பார்த்து, மினுக்கம் அடங்கும்வரை 'கலர்', 'டின்ட்' திருத்த வேண்டும் என்பது முறை. எல்ஈடி ஒளியோடு வடிகட்டி பொருந்தாவிட்டால் விடை பிழைக்கும். நீலத்தை மட்டும் காட்டும் வசதி டிவியிலேயே இருந்தால் அது மேல். வெள்ளையின் சாயலை, அதாவது டி65 எனப்படும் ஏறத்தாழ 6500 கெல்வின் அளவை, கண்ணால் அறிய முடியாது. 'வோர்ம்' தெரிவு பெரும்பாலும் அதற்கு நெருங்கி வரும். துல்லியத்துக்கு நிறமானி வேண்டும். கூடிய ஒளிவீச்சுக் கொண்ட எச்டிஆர் காட்சிகளுக்கான சோதனைப் படங்களும் இதில் இல்லை. அதற்குக் கட்டணம் செலுத்தி வாங்கும் ஸ்பியர்ஸ் அன்ட் முன்சில் வட்டு உண்டு.

யூஎஸ்பியில் செய்த திருத்தம் எல்லா உள்ளீடுகளுக்கும் போய்ச் சேரும் என்றில்லை. டயலொக் டிவி பெட்டி எச்டிஎம்ஐ வழியாகவும் அனலொக் அலைவரிசை அன்டெனா வழியாகவும் வருவதால், பல டிவிகள் ஒவ்வொன்றுக்கும் தனி அளவு வைத்திருக்கும். கிடைத்த எண்களை ஏனையவற்றுக்கும் பதிய வேண்டும். பெட்டியில் மட்டும் கறுப்பு வெளிறினாலோ நிழல்கள் நசிந்தாலோ, பெட்டியிலும் டிவியிலும் எச்டிஎம்ஐ வீச்சு (16–235 அல்லது 0–255) ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கறுப்பு, வெள்ளை, ஓரங்கள் ஆகிய மூன்றிலும் கண்ணையும் ரிமோட்டையும் தவிர எதுவும் கேளாமல் தெளிவான விடை தருகிறது ஏ.வி.எஸ். எச்டி 709. கூர்மையில் பயன்படும், நிறத்தில் வழிகாட்டும், தீர்ப்புச் சொல்லாது. எச்டிஆர் பார்க்காத வீட்டுக்குக் காசு கொடுத்து வட்டு வாங்கத் தேவையில்லை.