ஏலி குடும்பத்தின்மீதான தீர்க்கதரிசனமும் அதன் நிறைவேற்றமும்: சாமுவேல், இராஜாக்கள் நூல்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

உபாகமம் முதல் இராஜாக்கள் வரையிலான நூல்களை ஒரே வரலாற்றுத் தொகுப்பாகக் காணும் கருத்தை மார்ட்டின் நோத் 1943இல் முன்வைத்தார். அத்தொகுப்பில் இறைவாக்கு உரைக்கப்படுவதும் பின்னர் அது நிறைவேறியதாகச் சுட்டப்படுவதும் வரலாற்றை நகர்த்தும் விசையாக இயங்குவதைக் கெர்ஹார்ட் ஃபான் ராட் 1947இல் எடுத்துக்காட்டினார். இவ்வமைப்புக்குத் தெளிவான சான்றாகக் காட்டப்பெறுவது, சீலோவில் ஆசாரியனாயிருந்த ஏலியின் குடும்பத்திற்கு எதிராக உரைக்கப்பட்ட வாக்காகும் (1 சாமு. 2:27–36). சாலொமோன் அபியத்தாரை ஆசாரியப் பணியிலிருந்து நீக்கியபோது அது நிறைவேறியதாக 1 இராஜா. 2:27 கூறுகிறது. இவ்விரு பகுதிகளும் ஒன்றுக்கொன்று அச்சொட்டாகப் பொருந்துவனவாகவே பொதுவாக வாசிக்கப்படுகின்றன. அப்பொருத்தம் எத்துணை உறுதியானது என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

பெயர் கூறப்படாத தேவ மனிதன் ஒருவன் ஏலியிடம் உரைக்கும் வாக்கு ஒற்றைப் பொருளுடையதன்று. குடும்பத்தில் முதியவர் இரார் என்பதும், ஓப்னியும் பினெகாசும் ஒரே நாளில் மடிவர் என்பதும், பலிபீடத்தினின்று அறுபடாமல் ஒருவன் எஞ்சுவான் என்பதும், நம்பத்தகுந்த ஆசாரியன் ஒருவன் எழுப்பப்படுவான் என்பதும், எஞ்சியோர் ஓர் அப்பத்துண்டுக்காகப் பணி வேண்டி அவன்முன் நிற்பர் என்பதும் அதில் அடுக்கப்பட்டுள்ளன. மைந்தர் இருவரின் மரணம் இரண்டு அதிகாரங்களுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது (4:11). சவுலின் ஆணையால் நோபு ஊரின் ஆசாரியர்கள் தோவேக்கின் வாளுக்கு இரையாகின்றனர் (22:18). அவர்கள் எண்பத்தைவர் என்கிறது எபிரேய மூலம். கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவசிந்தாவோ 305 பேர் என்கிறது. இவ்விரு இடங்களிலும் 'வாக்கு நிறைவேறிற்று' என்னும் குறிப்பு இல்லை. கண்முன்னே வெளிப்படையாக நிறைவேறியவற்றைப் பற்றி மௌனம் காக்கும் பனுவல், அரசியல் சார்ந்த ஒரு பணிநீக்கத்தில் மட்டும் வாய் திறக்கிறது. இது தற்செயலாகத் தோன்றவில்லை.

நோபுப் படுகொலைக்கும் இவ்வாக்குக்கும் உள்ள உறவு பாட வேறுபாடுகளில் மேலும் புலப்படுகிறது. 2:33இல் மரபுவழி எபிரேயப் பாடம், ஏலியின் குடும்பத்தார் மனிதராய் மடிவர் எனத் தெளிவற்ற தொடரைக் கொண்டுள்ளது. கும்ரானில் கிடைத்த சாமுவேல் சுவடியும் (4கியூ51) செப்துவசிந்தாவும் மனிதரின் வாளால் வீழ்வதைக் குறிக்கின்றன. அழுது பூத்துப்போகும் கண்களையும் மரபுவழிப் பாடம் முன்னிலையில் ஏலிக்கு உரியனவாக்க, இவை இரண்டும் படர்க்கையில் எஞ்சியவனுக்கு உரியனவாக்குகின்றன. இப்பாடத்தை ஏற்போர்க்கு நோபும் அங்கிருந்து தப்பிய அபியத்தாரும் கண்முன் நிற்பர். நிகழ்ச்சியை அறிந்த கையொன்று வாக்கைக் கூர்மையாக்கியிருக்கலாம். அல்லது பழைய வாசிப்பே பின்னர்ச் சிதைந்திருக்கலாம். பின்னையதே பொருத்தமுடையது, வாள் என்னும் சொல் விழுந்துபோனதே அத்தொடர் தெளிவிழக்கக் காரணம் எனக் கொள்வது எளிது.

நம்பத்தகுந்த ஆசாரியன் யார்? கதையோட்டத்தில் முதலில் நினைவுக்கு வருபவன் சாமுவேல். 'நெயெமான்' என்னும் அதே எபிரேயச் சொல் 3:20இல் அவனைப் பற்றி வருகிறது. ஆயினும் 2:35இல் அச்சொல் ஆசாரியனுக்கும் அவனுக்குக் கட்டப்படும் வீட்டிற்கும் என இருமுறை ஆளப்படுகிறது. தமிழில் அது 'உண்மையான' என்றும் 'நிலையான' என்றும் இரு சொற்களாகப் பிரிந்துவிடுவதால், ஆளின் உறுதியே வம்சத்தின் உறுதியாகும் என்னும் சொல்நயம் தமிழ் வாசகருக்கு எட்டுவதில்லை. சாமுவேலின் மைந்தர் நெறி பிறழ்ந்தமையால் (8:3) நிலையான வீடு அவனுக்கு வாய்க்கவில்லை. மேலும், கர்த்தருக்கு முன்பாக நடக்கவேண்டிய குடும்பம் (2:30) என்பது, அபிஷேகம் பெற்றவனுக்கு முன்பாக நடக்கும் ஆசாரியன் (2:35) என மாறுகிறது. அரசனே இல்லாத காலத்துச் சீலோவில் இத்தொடர் ஒலிப்பது, அரசவையைச் சார்ந்த ஆசாரியத்துவம் வேரூன்றிய பிற்காலத்தின் குரலாகும். ஆகவே சாதோக்கின் மரபினர் தம் உரிமைக்கு அரண் தேடி இவ்வாக்கை அமைத்தனர் என்பது பலரின் முடிபு.

இம்முடிபு ஓரளவே சரி. 1 இராஜா. 2:27ஐ உற்று நோக்கினால், அது சீலோவில் ஏலியின் வீட்டாரைக் குறித்துச் சொல்லப்பட்டதை மட்டுமே நிறைவேறியதாகக் கூறுகிறது. சாதோக்கின் பெயர் அதில் இல்லை. அவன் அபியத்தாரின் இடத்தில் அமர்த்தப்பட்ட செய்தி, பெனாயா படைத்தலைவனானதோடு சேர்த்து, வெறும் நிர்வாகக் குறிப்பாகவே 2:35இல் இடம்பெறுகிறது. சாதோக்கியர் சார்பாகப் பனுவலைப் புனைந்தவர்கள் தம் தலையாய உரிமைக்கோரிக்கையை விட்டுவிட்டு, எதிரியின் வீழ்ச்சிக்கு மட்டும் இறைவாக்கைச் சான்றாக்கியது ஏன்? அப்பத்துண்டு வேண்டி நிற்பதும் அபியத்தாருக்குப் பொருந்தவில்லை. அவன் ஆனதோத்திலுள்ள தன் நிலங்களுக்கே அனுப்பப்படுகிறான் (2:26). யோசியாவின் சீர்திருத்தத்தில் மேடைகளின் ஆசாரியர் பலிபீடம் ஏறாமல் தம் சகோதரரிடையே புளிப்பில்லா அப்பம் உண்டனர் என்னும் செய்தியோடு (2 இராஜா. 23:9) இதனை இணைப்பர். ஆனால் அங்கு எவரும் பணி கேட்டு நிற்கவில்லை. எனவே ஒரே நிகழ்ச்சிக்காக வார்க்கப்பட்டதாக இவ்வாக்கைக் கொள்ளுதல் இயலாது. பல காலத்துப் படிவுகள் அதில் உள.

சாதோக்கின் வழிமரபும் இச்சிக்கலில் அடங்கும். 2 சாமு. 8:17 அவனை அகிதூபின் மகன் என்கிறது. அபியத்தாரின் பாட்டனும் அகிதூபே (1 சாமு. 22:20). இருவரும் ஒருவரே எனில் சாதோக்கும் ஏலியின் வழியினனாவான்; வாக்கு பொருளிழக்கும். வெல்ஹவுசன் பாடம் குலைந்துள்ளது எனக் கொண்டு பெயர் வரிசையை மாற்றியமைத்தார். சாதோக்கு எபூசியரின் எருசலேமில் முன்பே ஆசாரியனாயிருந்தவன் என ரௌலி 1939இல் கருதினார். ஃபிராங்க் மூர் கிராஸ் 1973இல் அதனை மறுத்து அவனை எபிரோனின் ஆரோனிய மரபில் வைத்தார். நாளாகமமோ அவனை எலெயாசாரின் வழியிலும், அகிமெலேக்கை இத்தாமாரின் வழியிலும் வைத்து (1 நாளா. 24:3), இரு பிரிவினருக்கும் முறையே பதினாறும் எட்டுமாக முறைப்பணி வகுக்கிறது. ஏலி என்னும் பெயரையே அது கூறவில்லை. சாபத்தை நிறைவேற்றிக் காட்டும் தேவையற்ற நூலாசிரியருக்குச் சபிக்கப்பட்டவனும் தேவைப்படவில்லை போலும்.

அபியத்தாரை நீக்கும்போது சாலொமோன் கூறும் காரணங்களில் சீலோ இல்லை. அவன் சாவுக்குரியவன், ஆயினும் தாவீதுக்கு முன்பாகப் பெட்டியைச் சுமந்து அவர் துன்பங்களில் பங்குற்றவன் என்பதே அரசனின் கூற்று. அதோனியாவை ஆதரித்த குற்றம் (1:7) பின்னணியில் உள்ளது. அரசன் அரசியல் பேச, எடுத்துரைப்பாளர் அடுத்த வசனத்தில் இறைவாக்கைப் பேசுகிறார். இரு காரணங்களும் ஒன்றையொன்று விழுங்காமல் அருகருகே விடப்பட்டுள்ளன. நிறைவேற்றக் குறிப்பு அரசனின் செயலை முழுமையாக நியாயப்படுத்தவே எழுந்தது என்போர் இவ்விடைவெளியைக் கணக்கில் கொள்ளவில்லை.

சாதோக்கியரின் நிலை எசே. 44:15–16இல் உச்சம் பெறுகிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னர், அபியத்தார் ஒதுக்கப்பட்ட அதே ஆனதோத்தின் ஆசாரியர்களுள் ஒருவனாக எரேமியா அறிமுகமாகிறான் (எரே. 1:1). அவன் அபியத்தாரின் வழியினன் எனப் பனுவல் கூறவில்லை; ஊரின் பெயரொன்றைக் கொண்டு அதனை நிறுவுதலும் முறையன்று. எனினும், சாதோக்கியர் பணிபுரிந்த ஆலயத்தில் நின்று, இவ்வீடும் சீலோவைப்போல் ஆகும் என்று அவன் அறிவிக்கிறான் (7:14, 26:6). அதைக் கேட்டு அவனைப் பிடித்துச் சாகடிக்க வேண்டும் என்றவர்களின் பட்டியலில் ஆசாரியர்களே முதலில் நிற்கின்றனர் (26:8).