மலைரயிலுக்கு யார் கணக்கு எழுதுவது?

நீலகிரி மலைரயிலைப் பற்றித் தமிழில் என் கைக்குக் கிடைத்த எதையும் நான் விட்டதில்லை. பயணக் கட்டுரைகள், தீபாவளி மலர்கள், வார இதழ் இணைப்புகள், ஒன்றிரண்டு சிறுகதைகள். எல்லாவற்றிலும் பனி உண்டு, புகை உண்டு, கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தைக் கடிக்கிற சத்தம் உண்டு, குன்னூரில் குடித்த டீ கட்டாயம் உண்டு. பணம் மட்டும் இருக்காது. டிக்கெட் விலையைச் சிலர் எழுதுவார்கள், அது நாம் கொடுக்கிற பணம். ரயில் தின்கிற பணத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

நான் பெருந்துறை சிப்காட்டில் ஒரு சாயத் தொழிற்சாலைக்குக் கணக்குப் பார்ப்பவன். அதனால் என் புத்தி அங்கேதான் போகிறது என்று நண்பர்களுக்குக் கேலி. "கவிதையப் படிச்சாலும் ஜிஎஸ்டி எத்தனைன்னு கேப்பீங்களாட்ட இருக்குதுங்க" என்றார் ஒருவர். கேட்டால் என்ன? ஒரு பொருளைப் பற்றி நூறு பேர் எழுதி, நூறு பேரும் ஒரே பக்கத்தைப் பார்க்காமல் விட்டால் அதைச் சொல்வதற்கும் ஒருவன் வேண்டும்தானே. அப்படி விட்டதால்தான் 2020 டிசம்பரில் இந்த ரயிலை வைத்து நடந்த சண்டையில் இரண்டு பக்கமும் தப்பாகப் பேசின என்பது என் எண்ணம். அதற்கு வருவதற்கு முன் ஒரு சினிமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' 1982-ல் வந்தது. கேத்தி ரயில் நிலையத்தில் எடுத்த அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கமலின் நடிப்பு, ஸ்ரீதேவியின் வெற்றுப் பார்வை, மழை. நான் கவனிக்கச் சொல்வது ரயிலை. சீனு குரங்குபோலக் குதித்துக் காட்டுகிறான், விழுந்து எழுகிறான், அவளுக்கு நினைவு வரவில்லை, ரயில் கிளம்பிவிடுகிறது. அந்தக் குரூரம் முழுக்க ரயில் தன் நேரத்துக்குக் கிளம்புவதில் இருக்கிறது. அதற்கு இவர்களுடைய கதை தெரியாது. அதில் உட்கார்ந்திருக்கும் யாரும் ரயிலைப் பார்ப்பதற்காக ஏறியவர்கள் அல்ல, ஊருக்குப் போகிறவர்கள். 16 வருடம் கழித்து, 1998-ல், அதே மலைப்பாதை மணிரத்னத்தின் 'தில் சே'யில் வருகிறது, தமிழில் 'உயிரே'. இப்போது ரயிலின் கூரை ஆட்ட மேடை. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில் மலைச்சரிவும் புகையும் கிறங்க வைக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த ரயில் எங்கிருந்து எங்கே போகிறது என்று யாருக்கும் கவலை கிடையாது. பாலு மகேந்திராவிடம் வண்டியாக இருந்தது மணிரத்னத்திடம் காட்சியாகிவிட்டது. 2005-ல் யுனெஸ்கோ, டார்ஜிலிங் ரயிலுக்கு 1999-ல் கொடுத்த உலகப் பாரம்பரியத் தகுதியை நீலகிரிக்கும் நீட்டித்தபோது, சினிமா ஏற்கெனவே செய்து முடித்ததற்கு ஒரு சான்றிதழ் வந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

இந்த மாற்றம் ரசனையோடு நிற்கவில்லை, கணக்கிலும் நடந்தது. வண்டியாக இருந்தவரை மலைரயிலின் நட்டம் ரயில்வேயின் எத்தனையோ கிளைப்பாதை நட்டங்களில் ஒன்று. மலைக்கிராமத்துக்குப் போகும் அரசு பஸ்ஸின் நட்டம் போல. இந்திய ரயில்வே பயணிகள் கட்டணத்தில் விழும் துண்டைச் சரக்கு வருமானத்தில் கட்டுகிற நிறுவனம், யாரும் தனியாக எடுத்துக் கேட்கவில்லை. பாரம்பரியம் என்று பெயர் மாறிய பிறகு கேள்வி வருகிறது: ஊட்டிக்கே போகாதவன் காசில் சுற்றுலாப் பயணி ஏன் சவாரி போக வேண்டும்? நியாயமான கேள்விதான். 'பாரம்பரியத்துக்கு விலை உண்டா' என்று உருகுவது அதற்குப் பதிலாகாது.

இந்தப் பாதை பிறந்ததே நட்டத்தில்தான். 1854-லேயே யோசனை வந்துவிட்டது. 1882-ல் பல்சக்கர ரயிலின் முன்னோடிகளில் ஒருவரான சுவிஸ் எஞ்சினியர் ரிக்கன்பாக் வந்து பார்த்துத் திட்டம் கொடுத்தார். 1885-ல் ஒரு கம்பெனி உருவானது. 1891-ல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண் வெட்டினார். 1894-ல் அந்தக் கம்பெனி திவால். இன்னொரு கம்பெனி வந்து கட்டி, 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடியது. 1903-ல் அரசு அதை விலைக்கு வாங்கியது. 1908-ல் ஊட்டி வரை போனது. அதாவது இந்த மலையில் தனியார் முதலீடு சொந்தக் காலில் ஓடிய காலம் மொத்தமே 4 வருடம். அதுவும் காப்பித் தோட்டம், டீத் தோட்டம், கோடைக்கு மலையேறும் கவர்னர் மாளிகை எல்லாம் இந்தப் பாதையை நம்பியிருந்த காலத்தில். அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தும் முதல் கம்பெனிக்கு முதலுக்கே மோசம்.

ஏன் என்பதை எங்கள் பாய்லர் ரூமில் நின்றால் பாதி புரிந்துகொள்ளலாம். சாயத்தொட்டிகளுக்கு நீராவி தருவது விறகில் எரியும் பாய்லர். ஆர்டர் இல்லாத மாதத்திலும் அதன் செலவு பூஜ்ஜியமாவதில்லை. ஆளுக்குச் சம்பளம், வருடப் பரிசோதனை, தண்ணீரில் உப்புப் படியாமலிருக்கப் போடும் ரசாயனம், ஓட்டை விழுந்த குழாய். "மாடு கறக்காட்டியும் தீனி திங்குமுங்க. இது நின்னாலுந் திங்கும், ஓடுனாலுந் திங்கும்" என்பார் எங்கள் ஆபரேட்டர். நீராவி எஞ்சின் என்பது இந்தப் பாய்லரைச் சக்கரத்தில் ஏற்றி மலைமேல் அனுப்புவது. டீசல் வண்டி போலச் சாவியைத் திருப்பிக் கிளப்ப முடியாது. குளிர்ந்து கிடக்கும் பாய்லரை அவசரமாகச் சூடாக்கினால் தகடு வீணாகும். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்ப வேண்டுமென்றால் அதற்குப் பல மணி நேரம் முன்பே நெருப்பு இருக்க வேண்டும், நெருப்புக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். எஞ்சின்களோ சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டிய எக்ஸ் வகை. நான்கு சிலிண்டர், இரண்டு சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. அங்கிருந்து கடைசித் தொகுதி வந்தது 1952-ல். அதற்கு உதிரிபாகம் எந்தக் கடையில் கிடைக்கும்? ஒவ்வொன்றையும் வார்த்து, கடைந்து எடுக்க வேண்டியதுதான். நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய பிறகு எரிபொருள் விலையும் உலகச் சந்தையின் கையில்.

மீதிப் பாதி மலையில் இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் சில இடங்களில் 12 அடிக்கு 1 அடி. எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நின்றாக வேண்டும். கூட்டம் இருக்கிறதே என்று பத்துப் பெட்டி சேர்க்க முடியாது. நான்கைந்து பெட்டி, சுமார் இருநூறு பேர், அவ்வளவுதான். 46 கிலோமீட்டருக்கு ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்பதால் ஒரு வண்டி ஒரு நாளில் ஒருமுறை ஏறி இறங்கலாம். மே மாதத்தில் மூன்று மடங்கு பேர் டிக்கெட் கேட்டு நின்றாலும் வரவு அதே இருநூறு இருக்கைதான். வரவுக்குக் கூரை உண்டு, செலவுக்கு இல்லை. எந்தத் தொழிலிலும் கணக்கன் பயப்படுகிற அமைப்பு இது. 2018 அக்டோபரில் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றினார்கள். அதனாலும் இருக்கை கூடிவிடாது.

இதற்குமேல் வடகிழக்குப் பருவமழை. 208 வளைவு, 250 பாலம், 16 குகை. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை எந்த இரவில் எந்தப் பாறை உருளும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் மலை சரிந்து உயிர்கள் போயின, பாதையும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. சின்னச் சரிவுகள் ஏறத்தாழ வருடாவருடம். ரயில் ஓடாத நாளில் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், சம்பளத்தைத் திருப்பி வாங்க முடியாது.

இப்போது 2020. கொரோனாவால் மார்ச்சில் நின்ற ரயில் டிசம்பரில் ஒரு தனியார் நிறுவனம் வாடகைக்கு எடுத்த சார்ட்டர் வண்டியாக மலையேறியது. 'டிஎன் 43' என்று பெயர், ஊட்டி வண்டிகளின் பதிவு எண். டிக்கெட் 3,000 ரூபாய். ரயிலை விற்றுவிட்டார்கள் என்று ஒரு கூச்சல். இல்லை, இது வெறும் வாடகைதான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ரயில்வே விளக்கம். அந்த மாதக் கடைசியில் வழக்கமான சேவை திரும்பியதும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். எதிர்த்தவர்கள் அந்த நிறுவனம் கொள்ளை லாபம் அடிக்கிறது என்று நம்பினார்கள். ஆதரித்தவர்கள் இப்படி வாடகைக்கு விட்டால் ரயில் தன் காலில் நிற்கும் என்று நம்பினார்கள். பென்சிலை எடுத்து யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

கற்பனைக்கு ஒரு கணக்குப் போடுவோம். வாடகை 5 லட்சம், 180 இருக்கை, தலைக்கு 3,000. எல்லா இருக்கையும் விற்றால் 5,40,000. பதினெட்டே பேர் வராவிட்டால் 4,86,000, வாடகைக்கே பத்தாது. சாப்பாடு, வழிகாட்டி, விளம்பரம், வரி எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. முதல் நாள் இரவு பர்லியாறு பக்கம் ஒரு பாறை விழுந்தால் அத்தனை பேருக்கும் பணம் திருப்ப வேண்டும். பத்தில் ஒரு பங்கு இருக்கை காலியானால் கவிழ்கிற தொழிலைக் கொள்ளை என்றும் சொல்ல முடியாது, மீட்பு என்றும் சொல்ல முடியாது. இதில் பணம் மிஞ்சுவது மொத்தமாக எடுத்துக்கொள்கிற தனி ஆளிடம். 2018-ல் ஒரு வெளிநாட்டு ஜோடி தேனிலவுக்கு முழு வண்டியையும் எடுத்தது. இரண்டரை லட்சம், மூன்று லட்சம் என்று செய்திகள் எழுதின. காலி இருக்கையின் நட்டம் அங்கே வாடிக்கையாளருடையது. ஆனால் வருடத்துக்கு எத்தனை ஜோடி வரும்?

நீராவி இல்லாத சாதாரணச் சுற்றுலா ரயிலிலேயே இந்த ஆபத்து உண்டு. 2022 ஜூன் 14 அன்று கோவை வடக்கிலிருந்து சீரடிக்குக் கிளம்பிய முதல் பாரத் கௌரவ் ரயில் எங்கள் பெருந்துறை ஸ்டேஷனைத் தாண்டித்தான் போனது. தனியார் நடத்தியது. அதற்கு வைப்புத்தொகை மட்டும் 1 கோடி ரூபாய், அதற்குமேல் உரிமைக் கட்டணம், இழுவைக் கட்டணம். ஆளே ஏறாவிட்டாலும் பெரும்பகுதி கட்டியாக வேண்டிய பணம். அதில் 20 பெட்டியில் செலவைப் பரப்ப இடமிருக்கிறது. மலையில் அந்த இடமும் இல்லை.

இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிய புத்தகம் ஒன்று உண்டு, ஆனால் ஆங்கிலத்தில். எல். டி. சி. ரோல்ட்டின் 'ரயில்வே அட்வெஞ்சர்', 1953. வேல்ஸில் டாலிலின் என்ற குட்டி ரயில்பாதை. அதன் சொந்தக்காரர் சர் ஹேடன் ஜோன்ஸ், தான் உயிரோடிருக்கும்வரை ஓட்டுவேன் என்று கைக்காசு போட்டு ஓட்டியவர். 1950-ல் இறந்தார். ரோல்ட்டும் நண்பர்களும் அந்த அக்டோபரில் பர்மிங்ஹாமில் ஒரு ஹோட்டலில் கூட்டம் போட்டு, சங்கம் அமைத்து, 1951 மே மாதம் ரயிலை ஓட்டிவிட்டார்கள். உலகிலேயே தொண்டர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில். மட்கிய கட்டைகள், தேய்ந்த தண்டவாளம், ஓடுகிற நிலையில் ஒரே ஒரு கிழட்டு எஞ்சின். பக்கத்தில் மூடிப்போன பாதையின் இரண்டு எஞ்சின்களை ஒன்று 25 பவுண்டுக்கு வாங்குகிறார்கள். ரோல்ட்டிடம் கொஞ்சம் மேட்டிமை உண்டு, நவீன காலத்தின் மீது ஒரு முகச்சுளிப்பும் உண்டு. ஆனாலும் அவர் புத்தகத்தில் பதற்றம் உண்மையானது. அந்த ஒற்றை எஞ்சின் படுத்துக்கொண்டால் அந்தக் கோடையே போச்சு என்பதைப் படிக்கிறவன் வயிற்றில் உணர்கிறான்.

அதே ரயிலைப் பார்த்துத் தூண்டப்பட்டு ஈலிங் ஸ்டுடியோ எடுத்த படம் 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்', அதே 1953. அதில் பணப் பிரச்சினை எப்படித் தீர்கிறது தெரியுமா? ஊரில் ஒரு குடிகாரப் பணக்காரர். ரயிலில் பார் வைத்தால் காலையிலேயே குடிக்கலாம் என்கிறார்கள், முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார். அருமையான நகைச்சுவைதான். ஆனால் ரோல்ட்டுக்குப் புத்தகம் முழுக்கத் தூக்கம் கெடுத்த விஷயத்தைப் படம் ஒரே ஜோக்கில் தாண்டிவிட்டது. நம் ஆட்களுக்கு அந்த ஜோக்கும் தேவைப்படவில்லை.

ரோல்ட்டை இங்கே அப்படியே இறக்கவும் முடியாது. டாலிலின் பிழைத்தது பெருமளவு சம்பளம் வாங்காத கைகளால், செலவின் பெரிய தலைப்பு அங்கே எழுதப்படுவதே இல்லை. பெரிய பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சௌகரியமும் கிடையாது. ஹாரி பாட்டர் படங்களால் உலகமே அறிந்த ஸ்காட்லாந்தின் ஜாக்கோபைட் நீராவி ரயிலுக்குக் கூட்டத்தில் குறைவில்லை. பழைய பெட்டிகளின் கதவுகளுக்கு மையப் பூட்டு போட வேண்டும் என்றது பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பு. 70 லட்சம் பவுண்டு ஆகும் என்று கோர்ட்டுக்குப் போன கம்பெனி 2023 டிசம்பரில் தோற்றது. 2024 வசந்தத்தில் சில வாரம் ரயில் நின்றது. டிக்கெட் எல்லாம் விற்ற ரயில், ஒரு கதவுப் பூட்டில் நிற்கிறது.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நீலகிரி ரயிலின் நட்டத்தை நட்டம் என்றே எழுதி, ஒரு நினைவுச்சின்னத்தின் பராமரிப்பாக அரசு ஏற்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல் பராமரிப்பை யாரும் நுழைவுக் கட்டணத்தில் தேடுவதில்லை. சார்ட்டர் வண்டிகள் ஓடட்டும், ஆட்சேபமில்லை. அவற்றைக் காட்டி அரசு கைகழுவாமல் இருந்தால் சரி. எழுத்தாளர்களிடம் கேட்பது இன்னும் சின்ன விஷயம். 2011-லிருந்து திருச்சி பொன்மலைப் பணிமனை இந்த எக்ஸ் வகை எஞ்சின்களைப் புதிதாகவே கட்டிவருகிறது. உலகம் பெரும்பாலும் கைவிட்ட வேலை. பாய்லர் தகட்டை வளைத்தவர், சிலிண்டர் வார்த்தவர், இதற்கெல்லாம் மதிப்பீடு போட்டு எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்த குமாஸ்தா, இவர்களில் ஒருவரைக்கூட நான் தமிழ்ப் புனைகதையில் சந்தித்ததில்லை. யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.