குறிப்பேட்டில் அடங்காத நூற்றாண்டு

அமெரிக்காவின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, பாடநூலை ஓரமாக வைத்துவிட்டு ஆளுக்கொரு ஆய்வுக் குறிப்பேட்டைக் கொடுக்கும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றியிருக்கிறது. வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களில் இதற்குச் செல்வாக்கு அதிகம். பள்ளி ஆசிரியர்களிலும் இதை நம்புகிறவர்கள் உண்டு. பொருளாதாரப் பெருமந்தம், மாண்ட்கமரிப் பேருந்துப் புறக்கணிப்பு, நிலவுப் பயணம் என்று ஏதோ ஒரு பொருளைப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது. நூலகத்திலும் இணையத்திலும் தேடிக் குறிப்பெடுக்கிறது, படம் ஒட்டுகிறது, காலக்கோடு வரைகிறது, கண்டதைத் தன் சொற்களில் எழுதுகிறது. இது நேற்று முளைத்த யோசனை அன்று. மூல ஆவணப் பகுதிகளை மாணவர் முன் வைத்து, விடையைச் சொல்லாமல் கேள்விகளை மட்டும் கேட்கும் பாடநூலை மேரி ஷெல்டன் பார்ன்ஸ் 1885-லேயே வெளியிட்டுவிட்டார். 1974-இல் கிளீவ்லாந்தில் தொடங்கிய ‘தேசிய வரலாற்று நாள்’ போட்டி இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மாணவர்களை ஆவணக் காப்பகங்களின் பக்கம் திருப்புகிறது. இத்தனை காலம் நிலைத்த ஒரு முறையை மொத்தமாகப் புகழ்வதிலோ தள்ளுவதிலோ பயனில்லை. குறிப்பேடு என்கிற வடிவம் எந்த வரலாற்றைப் பிடித்துக்கொள்கிறது, எதை நழுவவிடுகிறது என்று பார்க்க வேண்டும். சான்றைப் படிக்கக் கற்றுத்தருவதில் அது பாடநூலைவிட மேலானது. காரணத்தை விளக்குவதில் பாடநூலைவிடவும் பலவீனமானது. இதுவே என் கணிப்பு.

மேலானது என்பதற்கு ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்து பயிர் அழிந்ததால் வேலையற்றுக் கிடந்தவர்களின் முகாமில் டோரதியா லாங் ஒரு தாயைப் படம்பிடித்தார். பெருமந்தம் என்றாலே அந்த முகம்தான் நினைவுக்கு வரும். பாடநூலில் அது பத்திகளுக்கு நடுவே ஓர் அலங்காரம். அதையே குறிப்பேட்டுக்காகத் தேடிப் போகும் பிள்ளை காங்கிரஸ் நூலகத்தின் தொகுப்பைத் திறந்ததும், லாங் எடுத்தது ஒரு படம் அல்ல என்பதைக் காண்கிறது. கூடாரம் முழுவதும் தெரியும் படமும் இருக்கிறது; தாயையும் பிள்ளைகளையும் மட்டும் நெருங்கிக் காட்டும் படமும் இருக்கிறது. உலகம் நினைவில் வைத்திருப்பது அவற்றுள் ஒன்றை. தொடர்ந்து தேடினால் இன்னும் வருகிறது. அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்டு வைக்கவில்லை. அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-இல்தான் வெளியே தெரிந்தது. ஊர்விட்டு ஊர்வந்த வெள்ளையரின் அடையாளமாகவே அதுவரை பலரும் கருதிய அவர் உண்மையில் செரோக்கி இனப் பெண். உணவுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங் எழுதியதை அந்தக் குடும்பமே மறுத்தது. படத்தின் ஓரத்தில் தெரிந்த கட்டைவிரல் ஒன்று பிற்பாடு நெகட்டிவில் மங்கலாக்கப்பட்டது. அதோடு லாங் அப்போது அரசுச் சம்பளத்தில், நிவாரணத் திட்டங்களுக்கு மக்கள் ஆதரவைத் திரட்டும் பணியில் இருந்தவர். படம் பொய் என்று இதற்குப் பொருள் அல்ல, பசி பொய்யில்லை. ஆனால் ஒரு சான்றை யார், யாருக்காக, எதற்காக உண்டாக்கினார்கள் என்ற கேள்வியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாகவே கேட்கும் இடத்துக்கு வந்துவிடுகிறது. பாடநூல் வாசிப்பில் இந்த இடம் எளிதில் வாய்ப்பதில்லை.

மூல ஆவணம் உண்மை பேசும், பாடநூல்தான் மறைக்கும் என்ற எளிய நம்பிக்கையையும் நல்ல குறிப்பேடு உடைத்துவிடும். 1936 முதல் 1938 வரை, கூட்டரசின் எழுத்தாளர் திட்டத்தின்கீழ், முன்பு அடிமைகளாக இருந்த முதியவர்களிடம் 2,300-க்கும் மேற்பட்ட வாய்மொழிப் பதிவுகள் எடுக்கப்பட்டன. தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை ஒரு வெள்ளைப் பெண்மணி பேட்டி கண்டார். வேறொரு சமயம் ஒரு கறுப்பின ஆண் பேட்டி கண்டார். முதலாமவரிடம் எசமானர் நல்லவராக வருகிறார். இரண்டாமவரிடம் சவுக்கடியும் குடும்பங்களைப் பிரித்து விற்ற கொடுமையும் வருகின்றன. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒட்டி, ஏன் இப்படி என்று கீழே எழுதும் பிள்ளைக்கு, வரலாற்றுத் திறனாய்வின் சாரம் கைக்கு வந்துவிட்டது. கல்வி உளவியலாளர் சாம் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. எட்டு வரலாற்றாளர்களிடமும் எட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் அமெரிக்க விடுதலைப் போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களைக் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வரலாற்றாளர்கள் முதலில் ஆவணத்தை எழுதியவர் யார் என்று பார்த்தார்கள், ஒன்றை மற்றொன்றோடு ஒத்துப் பார்த்தார்கள். தகவல் அறிவில் குறையாத மாணவர்கள்கூட ஆவணத்தைப் பாடநூல் பத்தியைப் போலவே நேராகப் படித்துக்கொண்டு போனார்கள். தகவல் வேறு, இந்தப் பழக்கம் வேறு. எழுதி எழுதித்தான் அது படியும்.

இனி குறை. குறிப்பேட்டின் அலகு பக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரு தலைப்பு, ஒரு படம், ஒரு பெயர். இந்த அளவில் நன்றாகப் பொருந்துவது தனிமனிதரும் ஒரு நாள் நிகழ்வும்தான். மாண்ட்கமரியைப் பாருங்கள். 1955 டிசம்பர் 1 அன்று கறுப்பினப் பெண்ணான ரோசா பார்க்ஸ் வெள்ளையர் ஒருவருக்காகப் பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்த கதை பக்கத்துக்கென்றே அளந்து தைத்தது போல் இருக்கும்: களைத்துப்போன தையற்காரப் பெண், ஒரு மறுப்பு, ஒரு புரட்சி. உடற்களைப்பு அல்ல காரணம் என்று அவரே தன் வரலாற்றில் எழுதிவிட்டார். நிறவேற்றுமையை எதிர்த்த என்ஏஏசிபி அமைப்பின் உள்ளூர்க் கிளைச் செயலாளர் அவர். அந்த ஆண்டுக் கோடையில்தான் டென்னசியின் ஹைலாண்டர் பள்ளியில் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். அதே ஆண்டு மார்ச் மாதம் 15 வயது கிளாடெட் கோல்வின் இதே செயலுக்காகக் கைதாகியிருந்தார். புறக்கணிப்பு வரும் என்று நகர மேயருக்கு ஜோ ஆன் ராபின்சன் 1954 மே மாதமே கடிதம் எழுதி எச்சரித்திருந்தார். பார்க்ஸ் கைதான இரவில் ஆயிரக்கணக்கில் துண்டறிக்கைகளை உருட்டச்சில் அடித்ததும் ராபின்சனும் அவர் சார்ந்த பெண்கள் அரசியல் மன்றமும்தான். 381 நாள் மக்கள் நடந்தார்கள், கார்களைப் பகிர்ந்துகொண்டார்கள். கடைசியில் பேருந்துப் பாகுபாட்டை முறித்த வழக்கில் பார்க்ஸ் வாதியே அல்ல. கோல்வின் உட்பட நான்கு பெண்கள் வாதிகள். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் அடக்க முடியாது என்பதால் பிள்ளை பார்க்ஸின் படத்தை ஒட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. அமைப்பும் முன்தயாரிப்பும் விழுந்துபோய், வீரமும் தற்செயலும் மட்டும் மிஞ்சுகின்றன. கடைகளில் விற்கும் அச்சிட்ட குறிப்பேட்டுத் தாள்கள், ‘பெயர், பிறந்த நாள், சாதனை’ என்று கட்டம் போட்டுக் கொடுத்து இந்தச் சாய்வை இன்னும் கெட்டியாக்குகின்றன.

படமே இல்லாத வரலாற்றின் நிலை இதைவிட மோசம். அமெரிக்க நகரங்களில் கறுப்பினத்தவர் ஒரு பக்கமும் வெள்ளையர் மறுபக்கமும் வாழ்வதற்கும், இரு தரப்பின் சொத்துக்கும் இடையே அவ்வளவு தூரம் இருப்பதற்கும், வீட்டுக்கடன் விதிகள் பெரும் காரணம். 1933-இல் தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களை மதிப்பிட்டு, ‘ஆபத்தான’ பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியது. 1934-இல் பிறந்த கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் கடனுக்குக் காப்புறுதி கொடுக்கும் தன் கையேட்டில், இனக்கலப்பைச் சொத்து மதிப்புக்கு வரும் கேடாகவே எழுதிவைத்தது. 1947-இல் நியூயார்க் அருகே எழுந்த லெவிட்டவுன் குடியிருப்பு வெள்ளையருக்கு மட்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. சிவப்பு வரைபடங்கள் இப்போது இணையத்தில் கிடைப்பதால் அவை குறிப்பேட்டுக்குள் வந்துவிடுகின்றன. கண்ணைப் பறிக்கும் படம் அல்லவா. ஆனால் உண்மையான சேதத்தை அந்த வரைபடங்களைவிட நிர்வாகத்தின் கையேடுதான் செய்தது என்று அண்மைக் காலப் பொருளியலாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். கையேட்டுக்கு வண்ணம் இல்லை, ஒட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆகவே குற்றம் முழுவதும் வரைபடத்தின் தலையில் விழுகிறது. வட்டி, விதி, ஒதுக்கீடு, நீதிமன்ற நடைமுறை ஆகியவைதான் இருபதாம் நூற்றாண்டைச் செய்தவை. அவற்றில் எதற்கும் முகம் கிடையாது.

இந்த முறையை எதிர்ப்பவர்கள் சொல்வது வேறு. அடிப்படை தெரியாத பிள்ளையிடம் ஆய்வு செய்யச் சொல்வது வீண் என்கிறார்கள். கல்வி ஆய்வாளர்களான கிர்ஷ்னர், சுவெல்லர், கிளார்க் ஆகிய மூவரும் 2006-இல் எழுதிய கட்டுரை, புதிதாகக் கற்பவரைத் துணையில்லாமல் தேடவிட்டால் அவர் நினைவின் சக்தி தேடுவதிலேயே தீர்ந்துவிடும் என்று வாதிட்டது. 2022-இல் நாடு தழுவிய மதிப்பீட்டில், அமெரிக்க வரலாற்றில் எட்டாம் வகுப்பு மாணவர்களுள் 13 விழுக்காட்டினரே தேர்ச்சி நிலையை எட்டினார்கள். அடிப்படை ஆட்டம் காண்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இந்த வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். 1929-க்கும் 1941-க்கும் இடையே என்ன நடந்தது என்ற கோடு மனத்தில் இல்லாமல் நிப்போமோ படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் பயனில்லை. ஆனால் மறுபாதியை ஏற்க முடியாது. அந்த 13 விழுக்காட்டுக்குக் குறிப்பேட்டின்மேல் பழிபோட வழியில்லை. பெரும்பாலான மாணவர்கள் குறிப்பேட்டு வழியில் படிப்பவர்கள் அல்லர். பாடநூல் தரும் அடிப்படையும் பழுதற்றது அல்ல. 1921-இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கிரீன்வுட் என்ற கறுப்பினக் குடியிருப்பையே எரித்துத் தள்ளிய படுகொலை பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இல்லாமலே இருந்தது. மாநில ஆணையத்தின் அறிக்கை வர 2001 ஆனது. பாடநூல் விட்ட இடத்தை அதே பாடநூலால் நிரப்ப முடியாது. ஆசிரியர் முதலில் கோட்டைச் சொல்லிக்கொடுக்கட்டும், தேடல் பிறகு வரட்டும். மூவர் கட்டுரை மறுப்பது துணையில்லாத தேடலைத்தான். துணையோடு செய்யும் தேடலை அல்ல.

பிள்ளைகளின் மனம் தாங்காது என்பது மற்றொரு தடை. 2021 முதல் பல மாநிலங்கள் இனவெறி பற்றிக் கற்பிப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றியதன் பின்னணியில் அரசியல் இருக்கிறது. உண்மையான பெற்றோர் கவலையும் ஓரளவு இருக்கிறது. வயதுக்கு மீறிய கோரப் படங்களைப் பத்து வயதுப் பிள்ளையின் தேடலுக்கு விட்டுவிடக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடினமானது எல்லாம் கோரமாக இருப்பதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066 எண் ஆணையால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள்; அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். லாங் எடுத்த வெளியேற்றப் படங்களை ராணுவம் போர் முடியும்வரை முடக்கிவைத்தது. மான்சனார் முகாமில் ஆன்சல் ஆடம்ஸ் எடுத்த படங்களில் மக்கள் சிரிக்கிறார்கள், மலை பின்னால் நிற்கிறது; காவற்கோபுரத்தையும் முள்வேலியையும் எடுக்க அவருக்கு அனுமதி இல்லை. இதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தூக்கம் கெடாது. சிந்தனை கெடாமல் இருக்கவும் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

நேரம், வசதி, பெற்றோரின் கைத்திறன் ஆகியவற்றில் இருக்கும் ஏற்றத்தாழ்வு எல்லா வீட்டுப் பணிகளுக்கும் உள்ள நோய்; இங்கே அதைத் தனியே விரிக்கத் தேவையில்லை. மதிப்பிடும் முறை மட்டும் இந்த முறைக்கே உரிய கேடு. அழகான எழுத்து, நேரான ஓரம், நிறையப் படங்கள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போகும்வரை, பிள்ளை அடித்தல் திருத்தலை மறைத்துவிட்டுச் சுத்தப் பிரதியைத்தான் கொடுக்கும். ஆய்வு நடந்ததற்கான தடயம் அந்த அடித்தலில்தான் இருக்கிறது. முதலில் பார்க்ஸ் பக்கம், பிறகு கோல்வினைக் கண்டுபிடித்ததும் அதே பக்கத்துக்குத் திரும்பி வேறு நிறத்தில் எழுதிய திருத்தம், தேதியோடு. இப்படிச் செய்தால் பக்கத்தின் குறுக்கமும் பாதி தீரும். ஒரு பக்கம் இன்னொன்றோடு பேசத் தொடங்கும். கூடவே நிகழ்வுப் பக்கங்களுக்கு நடுவே பெயரும் படமும் இல்லாத சில பக்கங்களைக் கட்டாயமாக்கலாம்: ஒரு சட்டம், ஒரு விதி, அதனால் யார் எங்கே நின்றார்கள் என்று மட்டும் எழுதும் பக்கம்.

அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது வெறும் பாடமுறைப் பிரச்சினை அல்ல. 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல் கதவு சற்றுத் திறந்தபோது இந்தியாவுக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965-ஆம் ஆண்டுச் சட்டம் வராவிட்டால் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலானவை அங்கே இருக்கவே முடியாது. அந்தச் சட்டம் வரக் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் உண்டாக்கிய காலச்சூழலும் காரணம். ஒட்டுவதற்கு அழகான படம் கிடைக்காத இந்தப் பக்கத்தை, உங்கள் பிள்ளையின் குறிப்பேட்டில் முதலில் எழுதச் சொல்லுங்கள்.