மலைக்கும் சமவெளிக்கும் இடையே: பழனியும் வெப்பமண்டல ஆய்வுகளும்

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட வெப்பமண்டலத்தின் தட்பவெப்பம் அங்கு வாழும் சமூகங்களை எவ்வாறு உருவாக்குகிறது என்ற கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேலைநாட்டுப் புவியியலாளர் பலர் அளித்த விடை மிக எளிதானது: ஓயாத வெப்பம் உழைப்பாற்றலைக் குன்றச் செய்கிறது, அதனால் வெப்ப நாடுகள் பின்தங்குகின்றன. நாகரிகமும் தட்பவெப்பமும் பற்றி எல்ஸ்வொர்த் ஹண்டிங்டன் 1915இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை உலக வரைபடங்களாகவே தீட்டிக் காட்டியது. பிரெஞ்சுப் புவியியலாளர் பியர் கூரு 1947இல் வெப்பமண்டல நாடுகளைப் பற்றி எழுதியபோது வெப்பத்தைவிட நோயையும் மண்ணின் வளக்குறைவையும் முன்னிறுத்தினார். ஆயினும் காலனியச் சுரண்டலின் விளைவுகளை இயற்கையின் தலையில் கட்டுவதே இது என்று மார்த்தினீக் தீவின் கவிஞர் ஏமே செசேர் 1950இல் கடுமையாக எதிர்த்தார். வரலாற்றாசிரியர் டேவிட் அர்னால்டு, வெப்பமண்டலம் என்பது ஒரு நிலப்பகுதியாக மட்டுமன்றி, ஐரோப்பியர் தம்மிலிருந்து வேறுபட்ட உலகமாகத் தாமே கற்பித்துக்கொண்ட ஒரு கருத்துருவமாகவும் இருந்தது என்று 1990களில் விளக்கினார். இந்த விவாதம் இன்றும் தொடர்கிறது. பழனியில் வைத்துச் சோதித்தால் அதன் இரு தரப்பும் ஓரிடத்தில் தடுமாறுகின்றன. ஏனெனில் இங்கே வெப்பமண்டலம் ஒற்றைத் தன்மையுடையதாக இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே பிரிந்து நீளும் கிளையாகிய பழனிமலைத் தொடர், உச்சிப் பகுதிகளில் கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தைப் பெரும்பாலும் மலைகளின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுவதால், பழனிச் சமவெளி மழைமறைவுப் பகுதியாக, அதாவது மலை மறித்துக்கொள்வதால் மழை குறைந்த நிலமாக, வடகிழக்குப் பருவமழையை நம்பி நிற்கிறது. ஆனால் மலைமீது பெய்யும் மழை பாலாறாகவும் பொருந்தலாறாகவும் வரதமாநதியாகவும் இறங்கி, சண்முகநதி வழியே அமராவதியைச் சேர்கிறது. வறண்ட நிலத்தில் நெல் விளைவதற்கு இந்த ஏற்றத்தாழ்வே காரணம்.

பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்திலுள்ள பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் 2009ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும் நடத்திய அகழாய்வு இந்த நெல் விளைச்சலின் தொன்மையைக் காட்டியது. ஈமக்குழி ஒன்றிலிருந்த ஜாடியில் கிடைத்த நெல்மணிகளைக் கதிரியக்கக் கரிமக் கணிப்பு கி.மு. 490ஆம் ஆண்டளவில் வைத்தது. கண்ணாடி மணிகள் செய்யப்பட்டதற்கான தடயங்களும் அங்கே உண்டு. மலைப்பொருளும் ஆற்றுநீரும் வணிகப் பாதையும் கூடிய இடத்தில் இத்தகைய குடியிருப்பு தோன்றியது இயல்பே. இலங்கைப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட கட்டுரையில், ஐந்திணைப் பாகுபாட்டுக்கு அடியில் வெவ்வேறு நிலங்களின் சமச்சீரற்ற வளர்ச்சி இருப்பதை எடுத்துக்காட்டினார். நிலமும் தொழிலும் வாழ்வும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று கண்ட பழந்தமிழ் மரபு, ஒரு நிலத்தை மற்றொன்றைவிடத் தாழ்ந்தது என்று தரம் பிரிக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹண்டிங்டனின் வரைபடங்களைவிடப் பழனிக்கு மிக நெருக்கமான கோட்பாடு இதுதான்.

மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பின், 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடிவாரப் பாளையங்களுள் ஒன்றான விருப்பாச்சியின் கோபால நாயக்கர் கம்பெனியை எதிர்த்துக் கிளர்ந்து 1801இல் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் ஆள வந்தவர்களுக்குக் காய்ச்சலே பேரச்சமாயிற்று. மலேரியாவைக் கொசு பரப்புவதை ரொனால்டு ராஸ் 1897இல் கண்டறியும்வரை, அழுகும் இலைதழைகளிலிருந்து எழும் நச்சுக்காற்றே நோய்க்குக் காரணம் என்று மருத்துவர்கள் நம்பினர்; ஆகவே மேலே ஏறினால் தப்பலாம் என்பது அவர்களது முடிவு. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் முதலில் நாடிய சிறுமலை காய்ச்சலிலிருந்து காக்காததால், 1845இல் பழனிமலைமீதுள்ள கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டினர். இந்த ஊரின் வளர்ச்சியை நோரா மிட்செல் 1972இலும், இந்தியாவின் மலைவாசத் தலங்கள் அனைத்தையும் சேர்த்து டேன் கென்னடி 1996இலும் ஆராய்ந்தனர். குளிர்ந்த தனியுலகம் ஒன்றை ஐரோப்பியர் கட்டியெழுப்பியதையும், அது கீழ்நிலத்து மக்களின் உழைப்பின்றி ஒரு நாளும் நிலைத்திருக்க முடியாததையும் கென்னடியின் நூல் தெளிவாக்குகிறது. மலைப்பாதையில் துரைமாரை நாற்காலியில் வைத்துச் சுமந்தவர்கள் சமவெளியிலிருந்து வந்த கூலிகளே.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும்பஞ்சம் இந்த வரலாற்றின் மிகக் கொடிய பகுதி. மழை பொய்த்தது உண்மை. ஆனால் பஞ்ச காலத்திலும் தானியம் துறைமுகங்கள் வழியே வெளியேறியதையும், நிவாரணக் கூலி கடுமையாகக் குறைக்கப்பட்டதையும் மைக் டேவிஸின் 2001ஆம் ஆண்டு நூல் விரிவாகச் சொல்கிறது. வறட்சியைப் பஞ்சமாக்கியது ஆட்சி. சூரியனின் மாற்றங்களை ஆராய்ந்தால் பருவமழையை முன்னறியலாம் என்ற எதிர்பார்ப்பு அப்பஞ்சத்தின் பின்விளைவாக வலுப்பெற, 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் உருவானது. அங்கே ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது வானியலில் அழியாத சாதனை; நூற்றாண்டுக்கு மேலாக அங்கே எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் உலகின் அரிய தொகுப்புகளுள் ஒன்று. எனினும் மழைக்கான விளக்கம் வேறு திசையிலிருந்து வந்தது: பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்குவதை 1920களில் கில்பர்ட் வாக்கர் விளக்கினார்.

இயற்கை பற்றிய ஆய்வுகளில், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரின் இயேசு சபையினர் 1895 முதல் வளர்த்த தாவரவியல் மரபும், அதன் வழிவந்த கே.எம். மாத்யூ 1999இல் வெளியிட்ட பழனிமலைத் தாவரத் தொகுதியும் அடித்தளமானவை. இம்மலையின் உச்சி சோலையும் புல்வெளியும் கலந்தது. சோலை என்பது மடிப்புகளில் அடர்ந்து நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடு, அவற்றுக்கு இடையிலுள்ள மேடுகளில் புல் விரிந்திருக்கும். மரமில்லாத நிலம் வீணான நிலம் என்ற காலனிய வனத்துறையின் பார்வை விடுதலைக்குப் பின்னும் மாறாமல் தொடர்ந்தது பெருந்துயரம். தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியச் சீகையும், மரக்கூழுக்காக யூகலிப்டஸும் புல்வெளிகளில் நடப்பட்டன. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையே பழனிமலைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மறைந்ததைக் காட்டியது. வெப்பமண்டலத்தைப் பற்றிய ஒரு தவறான எண்ணம் நாற்பது ஆண்டுகளில் மலையின் முகத்தையே மாற்றியிருக்கிறது.

உச்சியைப் பற்றி இவ்வளவு ஆய்வு நடந்திருக்க, இடைச்சரிவு புறக்கணிக்கப்பட்டே இருக்கிறது. பளியரும் புலையரும் வாழ்வதும், நிழல்மரங்களின் கீழ்க் காப்பியும் விருப்பாச்சி மலைவாழையும் விளைவதும் இந்தச் சரிவில்தான். நீர்ச்சத்துக் குறைந்த இப்பழம் எளிதில் கெடாததால் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உகந்தது. கோயிலுக்கு வரும் அடியார்கள் தம் ஊருக்கு எடுத்துச் செல்லும் பிரசாதம் மலைச்சரிவின் குளிரையே சார்ந்திருக்கிறது. அசுவினிப் பூச்சி பரப்பும் முடிக்கொத்து நோய் என்னும் வைரஸ் நோய் 1970களிலிருந்து இத்தோட்டங்களைப் பெருமளவில் அழித்ததும், திசுவளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகள் உருவாக்கப்பட்டு மீட்பு முயற்சி நடப்பதும் வேளாண் அறிக்கைகளில் மட்டுமே பேசப்படுகின்றன. விருப்பாச்சி மலைவாழை 2008இலும் பஞ்சாமிர்தம் 2019இலும் புவிசார் குறியீடு பெற்ற பின்னும், அவ்விரண்டையும் ஒரே வரலாறாக எழுத வரலாற்றுத்துறை முன்வர வேண்டும். அதேபோல் உச்சியில் புல்வெளி சுருங்கியது அடிவாரத்துக்கு வரும் நீரை எவ்வளவு பாதித்தது என்பதை அறிய, பாலாறு-பொருந்தலாறு அணையிலும் வரதமாநதி அணையிலும் குறிக்கப்படும் நீர்மட்டக் கணக்கை 2018ஆம் ஆண்டு ஆய்வின் வரைபடங்களோடு ஆண்டுவாரியாக ஒப்பிடும் பணி, ஆயக்குடியிலும் பாலசமுத்திரத்திலும் வயல் வைத்திருப்போருக்கு மிக உடனடியாகத் தேவைப்படுகிறது.