சதுர அடிக் கணக்கில் தொலையும் ஜாயிண்ட்

பாறசாலைப் பக்கம் மொட்டைமாடியின் காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. களியக்காவிளையில் கேரள எல்லையைத் தாண்டி இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெடுஞ்சாலையோடு நெய்யாற்றின்கரை வரை போய்ப் பாருங்கள். கான்கிரீட் வீடு கட்டி, அதன்மேல் இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, வண்ணத் தகடு மேய்ந்திருப்பார்கள். ஊரில் இதற்கு ‘டிரஸ் வேலை’ என்று பெயர். வெல்டிங் பட்டறைகளுக்கு கேட், கிரில், கைப்பிடி எல்லாம் இன்றும் உண்டு. ஆனாலும் கையில் காசு புரளுவது டிரஸ் வேலையில்தான்.

இந்த வழக்கத்தைக் கேலி செய்வது எளிது. கான்கிரீட் போட்ட பிறகும் கூரை வேண்டுமென்றால் முதலிலேயே ஓடு போட்டிருக்கலாமே என்று கட்டடக் கலைஞர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் எடவப்பாதி, துலாமழை என்று ஆண்டுக்கு இருமுறை பெருமழை பார்க்கும் மண் இது. தட்டையான கான்கிரீட்டில் தேங்கும் நீர் மெல்ல உள்ளே இறங்கும். கம்பி துருப்பிடித்து உப்பும். பிறகு கீழறையில் படுத்திருப்பவர் மேல் பூச்சு பெயர்ந்து விழும். சாய்வுத் தகடு ஒன்று மேலே நின்றால் இத்தனைக்கும் தடை. இடையில் காற்று ஓடுவதால் மாடியறையின் சூடும் குறைகிறது. தேங்காய் உலர்த்தலாம், ரப்பர் ஷீட் தொங்கவிடலாம், ஆடி மழையில் துணி காயப்போடலாம், வீட்டு விசேஷத்துக்குப் பந்தியும் வைக்கலாம். தேவையில்லை என்றால் கழற்றி விற்றால் இரும்புக்கு விலை உண்டு. இடிக்க மட்டுமே முடிகிற கான்கிரீட்டுக்கு இந்த வசதி கிடையாது. டிரஸ் நல்ல யோசனை என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கேள்வியெல்லாம் அதைப் பற்றவைக்கிற விதம் பற்றித்தான்.

தரையில் நின்று பார்த்தால் எல்லா டிரஸ்ஸும் ஒன்றுபோலத் தெரியும். ஏணி போட்டு ஏறி, கால்குழாயும் குறுக்குக் குழாயும் சேரும் ஓர் இடத்தில் அலுமினியப் பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். மோசமான ஜாயிண்ட் என்றால் பெயிண்டுக்குக் கீழே கசடு அப்படியே இருக்கும். சுத்தியலால் தட்டினால் கண்ணாடிச் சில்லு மாதிரி உதிரும். அதற்கடியில் பொரிப்பொரியாகத் துளைகள். குழாயை அளந்து வளைவாக வெட்டாமல் நேராக வெட்டிப் பொருத்தியதால் இடைவெளி விழுந்திருக்கும். அதை அடைக்க, மேல்பூச்சைத் தட்டிய வெல்டிங் ராடு ஒன்றை வாய்க்குள் வைத்து அதன்மேலேயே ஓட்டியிருப்பார்கள். முன்பக்கம் மூன்று பக்கமும் வெல்டு ஓடியிருக்கும். தகட்டை ஒட்டிய நான்காவது பக்கத்துக்கு ராடு எட்டாது. அங்கே வெறும் விரிசல். அதன் வழியாகக் குழாய்க்குள் நீர் இறங்கி, வெளியே பளபளவென்றிருக்கும் குழாயை உள்ளிருந்து தின்னும். பொழியூர், பூவாறு போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்வதால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இது எல்லாப் பட்டறைக்கும் பொருந்தாது. கசடு தட்டி, பிரஷ் போட்டு, சந்தேகம் வந்தால் அரைத்துவிட்டு மறுபடி ஓட்டுகிற கைகள் இந்த ஊர்களில் நிறையவே உண்டு. மெல்லிய குழாயில் வெல்டு ஓட்டுவது அத்தனை சுலபமும் இல்லை. சுவர் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே உள்ள குழாயில் 10 கேஜ் ராடை முழுக் கரண்டில் வைத்தால் ஓட்டை விழும். பயந்து கரண்டைக் குறைத்தால் உருகிய உலோகம் குழாயோடு கலக்காமல் மேலாக அமர்ந்துவிடும். பார்க்க அழகான வரிதான், உள்ளே பிடிப்பு இருக்காது. 12 கேஜ் ராடில், விட்டுவிட்டு, சூடு பார்த்து ஓட்ட வேண்டும். அதற்கு நேரமாகும்.

தோளில் தொங்கும் இன்வெர்ட்டர் மெஷின் வந்தபின் இந்தத் தொழிலின் கதவு அகலத் திறந்துகொண்டது. முன்பு செப்புச்சுருள் மெஷினை மாடியேற்றவே நான்கு பேர் வேண்டும். இப்போது அதை ஒருவர் பைக்கில் கொண்டு வந்துவிடுகிறார். சிறு முதலீட்டில் தொழில் தொடங்க முடிகிறது என்பது பெரிய நன்மை. ஆனால் முன்பு பட்டறையில் பல ஆண்டு ஹெல்ப்பராக நின்று, கிரைண்டர் பிடித்து, தற்காலிக டாக் வைத்து, பிறகே முழு வெல்டுக்கு வந்தார்கள். அந்தப் படிகள் இப்போது சுருங்கிவிட்டன. தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ. பக்கத்திலேயே இருக்கிறது. வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்புதான். ஆனால் டிரஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது சான்றிதழ் கேட்ட வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை.

அடுத்தது துத்தநாகம். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் துருப்பிடிக்காது என்று நம்பித்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம். துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸில் உருகி, 907 டிகிரியில் ஆவியாகும். இரும்பு உருக 1500 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். ஆகவே ராடு தொட்ட இடத்தில் இரும்பு உருகுவதற்குள் துத்தநாகம் வெண்புகையாகப் போய்விடுகிறது. கூரை முழுக்கப் பாதுகாப்பு, மிக முக்கியமான ஜாயிண்டில் மட்டும் அது இல்லை. துத்தநாகம் கலந்த பெயிண்டை அங்கே பூசினால் ஓரளவு சரிக்கட்டலாம். ஆனால் வழக்கமாகப் பூசுவது வெள்ளி நிறம் தருகிற சாதாரணப் பெயிண்ட். நிறம் பொருந்திவிட்டதால் வீட்டுக்காரர் கண்ணுக்குக் குறை எதுவும் படாது.

அந்த வெண்புகை போகிற இடம் வெல்டரின் நுரையீரல். சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வாயில் உலோகச் சுவையும் வரும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். பால் குடித்தால் முறியும் என்ற நம்பிக்கை தொழிலில் பரவலாக உண்டு. பால் முறிக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை. தானாகப் போகிற காய்ச்சலுக்குப் பால் பெயர் வாங்கிக்கொள்கிறது. கண்ணில் ‘வெல்டிங் அடித்தால்’ தாய்ப்பால் விடுவதும் அதே கதைதான். வில்லொளியின் புற ஊதாக் கதிரால் கருவிழியின் மேற்தோல் புண்ணாகி, மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது. அதுவும் ஓரிரு நாளில் தானே ஆறும். கண்ட நீர்மத்தை விட்டால் கிருமி புகும் வாய்ப்புதான் கூடுதல். இந்த இரண்டு உபாதையும் சீக்கிரம் ஆறிவிடுவதாலேயே தொழிலில் ஒரு மெத்தனம் வேரூன்றிவிட்டது. ஆறாதவை பின்னால் வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தச் செய்தி பட்டறை வரை வந்து சேரவில்லை. இருபக்கமும் ஓர் அங்குலத் துத்தநாகத்தை அரைத்து எடுத்துவிட்டு, காற்று வரும் திசையில் நின்று வெல்டு ஓட்டினாலே புகை கணிசமாகக் குறையும். இதற்கும் நேரம்தான் தேவை.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பிளக்கில் மெஷினைச் செருகியதும், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. விழுந்தால், ‘தொல்லை’ என்று அதைத் தாண்டி நேரடியாகக் கம்பி இழுப்பது உண்டு. நனைந்த மாடியில், வியர்த்த உடம்போடு, ரப்பர் செருப்பை மட்டும் நம்பி நிற்கும் மனிதனை அந்தச் சின்னப் பெட்டி மட்டுமே காப்பாற்றும். இதில் வெல்டருக்கு நான் சலுகை தரமாட்டேன்.

எல்லாவற்றிலும் பெரிய குறை காற்றைப் பற்றிய புரிதலில் இருக்கிறது. வேலை முடிந்த அன்று இந்த ஊர்களில் சகஜமாகக் கேட்கும் பேச்சு இது.

“மக்ளே, காத்தடிச்சா நிக்குமா?”

“மேல ஏறிக் குதிச்சுக் காட்டட்டா மாமி?”

குதித்தும் காட்டுவார். கூரை அசையாது. ஆனால் குதிப்பது கீழ்நோக்கிய சோதனை. தகடு மேய்ந்த, பக்கம் திறந்த கூரையைக் காற்று மேல்நோக்கியே தூக்கும். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875-ன் மூன்றாம் பகுதி திருவனந்தபுரத்துக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்தத் தரநிலையின் சூத்திரப்படி இது சதுர மீட்டருக்கு 90 கிலோவை ஒட்டிய அழுத்தம். 1000 சதுர அடிக் கூரைக்குக் கணக்குப் போட்டால் 8 டன்னுக்கு மேல் வரும். உயரம், தென்னந்தோப்பின் மறைவு என்று தள்ளுபடி கொடுத்துப் பாதியாக்கினாலும் 4 டன். சாதாரண வீட்டு டிரஸ்ஸில் குழாயும் தகடும் சேர்ந்து ஒன்று, ஒன்றரை டன்தான் இருக்கும். மிச்சத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியது ஜாயிண்டும் அடிப்பலகையின் ஆங்கர் போல்ட்டும். அந்த போல்ட்டைப் பல வீடுகளில் எங்கே அடித்திருக்கிறார்கள்? கைப்பிடிச் சுவரில். கம்பியில்லாத நாலரை அங்குலச் செங்கல் சுவர் அது. தளத்தில் துளை போட்டால் கசியுமே என்று வீட்டுக்காரரே சொல்லிச் சுவருக்கு மாற்றிய இடங்களும் உண்டு. கசிவைத் தடுக்க வந்த கூரையைக் கசிவுக்குப் பயந்தே பலவீனமாக்குகிறோம்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலோடுதான் போனது. கரையேறவில்லை. அதற்கே குமரி மாவட்டத்தில் ரப்பரும் வாழையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. புயல் வராத ஊர் என்ற பழைய தைரியத்தில் போட்ட போல்ட்டுகளை அதன்பின் எத்தனை வீட்டில் எடுத்துப் பார்த்தார்கள்?

இதற்கெல்லாம் திறமைக் குறைவு காரணம் என்றால் நான் ஒப்பமாட்டேன். எல்லையின் இருபக்கமும் வளைகுடா போய்வந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். 45 டிகிரி சாய்த்து நிறுத்திய, திருப்பமுடியாத குழாயைச் சுற்றி வந்து ஓட்டிக் காட்டும் 6ஜி தேர்வில் தேறியவர்கள் அவர்கள். அங்கே ஒவ்வொரு வெல்டுக்கும் எழுதிவைத்த முறை உண்டு. ஓட்டியவரின் எண்ணை ஜாயிண்டின் பக்கத்தில் குறிப்பார்கள். எக்ஸ்ரேயில் குறை தெரிந்தால் வெட்டி மறுபடி ஓட்ட வேண்டும். ஆறு மாதம் அந்த வேலை செய்யாமல் இருந்தால் தகுதியே காலாவதி. இதற்கு வளைகுடா வரைக்கும்கூடப் போக வேண்டாம். திருச்சி பெல்லில் 1975-லிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அந்த வட்டாரத்துப் பட்டறைகளுக்கு ஆய்வாளரின் கண் புதிதில்லை. வளைகுடாவில் எக்ஸ்ரே தேறிய அதே கை ஊருக்கு வந்து மூன்று பக்கம் மட்டும் ஓட்டுகிறது என்றால், குறையைக் கையில் தேடிப் பயனில்லை. இங்கே ஜாயிண்டைப் பார்ப்பவர் யாரும் இல்லை.

சட்டமும் பார்ப்பதில்லை. 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேருக்குக் குறைவான வேலையிடத்தைத் தொடவில்லை. ஒருவர் தம் சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்குள் செய்யும் வேலையையும் விலக்கிவைத்தது. 2020-ல் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்புத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக்கியது. வீடு கட்டுகிற சாதாரண மனிதனைச் சட்டச் சிக்கலிலிருந்து காக்கும் நல்ல நோக்கம்தான். ஆனால் நான்கைந்து பேர் சேர்ந்து செய்யும் டிரஸ் வேலை முழுக்க அந்த விலக்குக்குள் அடங்கிவிடுகிறது.

ஊர்ப் பழக்கம் காவல் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. கேட் கீல் உடைந்தால் ராத்திரியும் வந்து ஓட்டிக் கொடுக்கிற பட்டறைக்காரர், நாளைக்கும் அதே தெருவில் நடந்தாக வேண்டிய மனிதர். ஆனால் இந்தக் காவல் கண்ணுக்குத் தெரியும் குறைக்கு மட்டும்தான். பெயிண்டுக்கடியில் இருப்பதைப் பற்றித் தெருவில் பேச்சு வராது.

ஆக, என் குற்றச்சாட்டு சதுர அடிக் கணக்கின் மீது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியவுடன் மெல்லிய குழாய் லாபம், அகலமான இடைவெளி லாபம், குறைந்த கால்கள் லாபம். கசடு தட்டுவதும் துத்தநாகம் அரைப்பதும் நான்காம் பக்கம் ஓட்டுவதும் நஷ்டம். பாறசாலைப் பட்டறையும் மார்த்தாண்டம் பட்டறையும் ஒரே வீட்டுக்கு விலை சொல்லும்போது போட்டியில் அடிபடுவது இவைதான். வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெயிண்ட் அடிப்பதற்குமுன் ஒருநாள் வேலையை நிறுத்தி, கசடு தட்டிய ஜாயிண்டுகளை ஏறிப் பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுக்கலாம். நல்ல வெல்டர் இதற்குக் கோபப்படமாட்டார். தம் வேலையைக் காட்ட ஒரு வாய்ப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

கிலோக் கணக்கில் பேசினால் சரியாகிவிடும் என்ற யோசனையும் உண்டு. குழாய் மெலிவதை அது தடுக்கும். கனம் தேவைக்குமேல் ஏறும் ஆபத்து இருந்தாலும், கனமான கூரை லேசில் பறக்காது என்பதால் அந்தத் தவற்றை மன்னிக்கலாம். ஆனால் கிலோக் கணக்கிலும் ஜாயிண்டுக்குக் கூலி இல்லை. வளைகுடாக் குழாய் வேலையில் ‘இன்ச் டயா’ என்று ஒரு கணக்கு உண்டு. எத்தனை ஜாயிண்ட், ஒவ்வொன்றும் எத்தனை அங்குல விட்டம் என்று கூட்டித்தான் அங்கே வேலையை அளப்பார்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் அந்தக் கணக்கில் உழைத்துத் திரும்பியவர்களே இப்போது பட்டறை வைத்திருக்கிறார்கள். சதுர அடிக்கு ஒன்று, ஜாயிண்டுக்கு ஒன்று என்று இரண்டு வரியில் விலை எழுதித்தர அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது வரியை வீட்டுக்காரர் வெட்டிவிடாமல் இருப்பாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.