சித்திரக்கதைகளில் பேசும் விலங்குத் தோழன்

பேசும் விலங்குத் தோழன் என்பது சூப்பர் ஹீரோ கதைகளிலும் சாகசச் சித்திரக்கதைகளிலும் நாயகனுடன் வரும், மனிதரைப்போல் பேசக்கூடிய விலங்குப் பாத்திரம். நாயகனைச் சுமப்பது, ஆபத்தில் காப்பது, வாசகரைச் சிரிக்க வைப்பது ஆகியவை இதன் வழக்கமான வேலைகள். இப்பாத்திரம் நன்றாக அமைந்துள்ளதா என்று அறிய ஒரு கேள்வி உதவும்: அந்த விலங்கு பேசாமல் இருந்தால் கதை எதை இழக்கும்?

பின்னணி

விலங்கு பேசுவது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. பஞ்சதந்திரக் கதைகளில் சிங்கமும் நரியும் பேசி நீதி உணர்த்துகின்றன. கம்பராமாயணத்தில் இராமனின் துணைவனான அனுமன், வலிமைக்கு முன்பே பேச்சுத்திறனால் மதிக்கப்பட்டு, சொல்லின் செல்வன் எனப் பெயர் பெறுகிறான்.

அமெரிக்கச் சூப்பர் ஹீரோ கதைகளில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு டாக்கி டானி என்னும் புலி. ஓட்டோ பைண்டரும் சி. சி. பெக்கும் உருவாக்கிய இப்பாத்திரம் 1947இல் கேப்டன் மார்வெல் கதைகளில் அறிமுகமானது. கோட்டு அணிந்து, இரண்டு கால்களில் நடந்து, மனிதரிடையே கௌரவமாக வாழ விரும்பும் புலி இது. பறக்கும் நாயகனுக்குப் பக்கத்தில் இந்தப் புலியின் கவலைகள்தாம் சாதாரண மனிதரின் கவலைகளாக இருக்கின்றன.

பேசாத டெவில்

லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ஃபாண்டம், முத்து காமிக்ஸில் வேதாளர் என்றும் ராணி காமிக்ஸில் மாயாவி என்றும் தமிழ் வாசகர்களிடம் வந்தார். அவருடன் வரும் டெவில் என்னும் ஓநாய் பேசுவதில்லை. உறுமல் ஒன்றே அதன் மொழி. அதனால் குறை எதுவும் இல்லை. அது என்ன நினைக்கிறது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்கிறார். ஆனால் வேதாளரை மறுத்துப் பேசவோ கேலி செய்யவோ டெவிலால் முடியாது. நாயகனின் பெருமை அக்கதைகளில் கேள்விக்கு உட்படாமல் நிற்பதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம்.

பேசும் ஜாலி ஜம்பர்

இதற்கு எதிர்முனையில் நிற்பது லக்கி லூக்கின் குதிரையான ஜாலி ஜம்பர். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946இல் உருவாக்கிய இத்தொடரைத் தமிழில் லயன் காமிக்ஸ் வெளியிட்டு வருகிறது. லக்கி லூக் சூப்பர் ஹீரோ அல்லர். எனினும் தம் நிழலைவிட வேகமாகச் சுடுபவர் என்பதால் அந்த வகைக்கு நெருக்கமானவர். 1955இல் கோசினி கதை எழுதத் தொடங்கிய பின் இக்குதிரை வாயாடியாக வளர்ந்தது. எசமானரோடு சதுரங்கம் ஆடும். அவர் முடிவுகளைக் கிண்டல் செய்யும். சிறைக் காவல் நாயான ரின்டின்கேனின் முட்டாள்தனத்தைக் கண்டு சலித்துக்கொள்ளும்.

கடலூர், விழுப்புரம் பகுதிகளில் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இக்குரல் பழக்கமானது. அரசன் உரத்த குரலில் தன் பெருமையைப் பாடும்போது பக்கத்தில் நின்று பேச்சுவழக்கில் நையாண்டி செய்பவன் கட்டியக்காரன். அவன் அரசனுக்கு ஏவலாள், பார்வையாளருக்கு நண்பன். ஜாலி ஜம்பர் செய்வதும் அதே வேலைதான். அது வாயை மூடினால் லக்கி லூக் குறிதவறாத ஒரு துப்பாக்கிக்காரராக மட்டுமே எஞ்சுவார்.

ஆனாலும் ஓர் எல்லை உண்டு. கட்டியக்காரனின் கேலியால் அரசனின் பதவி போவதில்லை. குதிரையும் எவ்வளவு குறைப்பட்டாலும் கடைசியில் சுமந்தே செல்கிறது. கதை முடிவில் லக்கி லூக், தாம் துணையற்ற தனியர் என்று பாடியபடி மாலைச் சூரியனை நோக்கிப் போவார். அப்போதும் அவர் அமர்ந்திருப்பது ஜாலி ஜம்பரின் முதுகில்தான். இவ்வளவு பேசிய தோழனும் துணையாகக் கணக்கில் வரவில்லை. அந்த வேடிக்கையின் அடியில் ஒரு வருத்தமும் இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்

குதிரை எசமானரை நீ என்பதா, நீங்கள் என்பதா? ஆங்கிலத்தில் இக்கேள்வி எழாது. தமிழில் தவிர்க்க முடியாது. நீங்கள் என்றால் குதிரை பணியாள் ஆகிறது. நீ என்றால் நண்பன் ஆகிறது. ஒரே நகைச்சுவை இந்தச் சொல்லால் பணிவாகவோ உரிமையாகவோ மாறிவிடும். விலங்குத் தோழனின் தகுதியைத் தமிழில் முடிவு செய்பவர் ஒருவகையில் மொழிபெயர்ப்பாளரே.

பேச்சு வீணாகும் இடம்

ஐதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனம் தயாரித்து, 2008இல் போகோ தொலைக்காட்சியில் தொடங்கிய சோட்டா பீம் தொடரில் ஜக்கு என்ற குரங்கு பேசுகிறது. இத்தொடர் சித்திரக்கதை நூல்களாகவும் வந்துள்ளது. ஜக்கு நல்ல தோழன், தாவுவதில் வல்லவன். ஆனால் ஜக்கு பேசுவதில் பெரும்பகுதியைச் சுட்கியோ ராஜுவோ பேசினாலும் கதை மாறாது. மரத்தின் மேலிருந்து பார்ப்பவனுக்கு மட்டுமே தெரியக்கூடிய உலகம் அவன் பேச்சில் அரிதாகவே வருகிறது. குரங்குக்குப் பேச்சு கிடைத்திருக்கிறது, சொல்வதற்குத் தனியாக எதுவும் கிடைக்கவில்லை.

மதிப்பீடு

விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்து வரும் பீங்கான் விலங்குப் பொம்மைகளுக்குக் குரல் கிடையாது. விளையாடும் குழந்தைதான் அவற்றுக்காகப் பேசுகிறது. டெவில் போன்ற மௌன விலங்கு குழந்தைக்கு அந்த இடத்தை விட்டுவைக்கிறது. விலங்கைப் பேச வைக்கும் கதாசிரியர் அந்த இடத்தைத் தாமே எடுத்துக்கொள்கிறார். ஆகவே குழந்தை தானாகக் கற்பனை செய்திருக்க முடியாத ஒன்றை அவர் திருப்பித் தரவேண்டும். ஜாலி ஜம்பர் அதைத் தருகிறது: எல்லோரும் கைதட்டும் நாயகனையும் அவனைச் சுமப்பவனின் கண்ணால் பார்க்கலாம் என்னும் பார்வை.