அரைக்கால் தூக்கமும் நைட் ஷிப்டும்

நல்ல தூக்கத்துக்கு ஆன்மிக மதிப்பு உண்டா என்று கேட்டால், நம் மரபு பெரும்பாலும் உதட்டைப் பிதுக்கும். கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் நான்கில் ஒன்றாகத் தூக்கத்தை வைத்தார் வள்ளுவர். மார்கழியில் பாடப்படுவது பள்ளியெழுச்சி. திருவெம்பாவையில் தூங்குகிற பெண்ணுக்குக் கிடைப்பது கேலி. சித்தர் மரபு தூக்கத்தைப் பற்றி நல்லதாகப் பேசினாலும், அது 'தூங்காமல் தூங்குவது' பற்றியதாகத்தான் இருக்கும். சும்மா படுத்துத் தூங்குகிறவனுக்கு அங்கே இடமில்லை.

இந்த வரிசையில் ரொம்பக் கறாராகக் கணக்குச் சொன்னவர் இராமலிங்க வள்ளலார். அவருடைய நித்திய கரும விதி உணவு அரை, தூக்கம் அரைக்கால், பயம் பூஜ்யம் என்று அளவு வைக்கிறது. அரைக்கால் என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒரு நாளுக்கு என்று வைத்துக்கொண்டால் மூன்று மணி நேரம். பகலில் எந்த வகையிலும் தூங்கக் கூடாது என்றும் அந்த விதி சொல்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் தூங்கிப் பழகியவன் ஆயிரம் ஆண்டு வாழ்வான் என்பது உபதேசக் குறிப்புகளில் வரும் பேச்சு.

இதை வடலூரில் வைத்துப் படிப்பது வழக்கம். நான் திருவொற்றியூரில் வைத்துப் படித்துப் பார்க்கிறேன். காரணம் இல்லாமல் இல்லை. 1858இல் சென்னையை விட்டுப் போகும்வரை வள்ளலார் வாழ்ந்தது ஏழு கிணறு பகுதியில். அங்கிருந்து தியாகராசரையும் வடிவுடையம்மனையும் கும்பிட ஓயாமல் நடந்துபோன ஊர் திருவொற்றியூர்.

அந்த ஊர் இன்றைக்கு எப்படி இருக்கிறது? துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரியெல்லாம் வரிசை கட்டி நிற்கின்றன. மணலியில் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையம், இரண்டுக்கும் ராத்திரி பகல் கிடையாது. காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு விடியும் முன்னே கூடையோடு போய் நிற்க வேண்டும். இங்கே பாதிப் பேருக்கு அரைக்கால் தூக்கம் ஏற்கெனவே சித்தித்துவிட்டது. யாரும் ஞானியாகவில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரைதான் வாங்குகிறார்கள்.

நைட் ஷிப்ட் முடித்து காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிற ஆளிடம் போய், பகலில் தூங்காதே என்று சொல்ல முடியுமா? வேற எப்பதான் சார் தூங்குறது என்று கேட்பார். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. அதை வாரத்துக்கொரு தடவை திருப்பி வைத்தால் சும்மா விடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007லும் மறுபடி 2019லும் இரவுப் பணியைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில், 'அநேகமாக' என்ற பிரிவில், வைத்தது.

வள்ளலார் சொன்னது சாதகர்களுக்கு, ஆலைத் தொழிலாளிக்கு இல்லை என்று சிலர் பதில் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்தப் பதிலிலேயே ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. தூக்கத்தைக் குறைப்பது தவம் ஆக வேண்டுமென்றால், குறைத்துக்கொள்ளத் தூக்கம் முதலில் கையில் இருக்க வேண்டும். சோறு உள்ளவன் இருந்தால் அது விரதம், இல்லாதவன் இருந்தால் பட்டினி. இந்த வித்தியாசத்தை வள்ளலாரைவிடத் தெளிவாக அறிந்தவர் இல்லை. அதனால்தான் 1867இல் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். உணவு அரை என்று தனக்கு விதித்த அதே மனிதர், அடுத்தவனுக்கு வயிறு நிறையப் போடச் சொன்னார்.

தூக்கத்துக்கும் இதே நியாயம்தானே? ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் உயிர்களுக்கு வரும் துன்பங்களாக அவர் ஏழைச் சொல்கிறார்: பசி, கொலை, பிணி, தாகம், இச்சை, எளிமை, பயம். தூக்கமின்மை பட்டியலில் இல்லை. அவர் காலத்து ராத்திரிகளில் அதற்குத் தேவை இருந்திருக்காது. ஆனால் பயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே உர ஆலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, தூங்கிக்கொண்டிருந்த மீனவக் குடும்பங்கள் மூச்சுத் திணறி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடின. அப்படி ஓடியவர்களிடம் பயம் பூஜ்யமாக வேண்டும் என்று உபதேசம் செய்ய முடியாது. பயமில்லாமல் கண்ணை மூட முடிகிற ஊரை முதலில் கொடுக்க வேண்டும்.

நீதிமன்றம் இதைக் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டது. டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸ் நள்ளிரவில் எழுப்பித் துரத்திய வழக்கில், 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தூக்கத்தை வாழ்வுரிமையின் பகுதியாகப் பேசியது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் அனுமதிக்கின்றன. லாரி ஹாரனுக்கு அது தெரியாது.

மரபு முழுவதும் தூக்கத்துக்கு எதிரி என்று சொல்லிவிடவும் முடியாது. மாண்டூக்ய உபநிடதம் கனவில்லாத் தூக்கத்தில் இருப்பவனை ஆனந்தத்தை நுகர்பவன் என்கிறது. அது முடிவான நிலை இல்லை, துரியத்துக்கு ஒரு படி கீழேதான். ஆனாலும் ஏழைக்கும் பணக்காரனுக்கும் தீட்சை இல்லாமல் கிடைக்கிற ஒரே படி அது. சிவன் கோயில்களில் அர்த்தசாமம் முடிந்ததும் சுவாமியைப் பள்ளியறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துகிறோம். தெய்வத்துக்கே ஓய்வு உண்டு என்று நம்புகிற சனங்கள் நாம்.

வள்ளலார் கதையிலேயே ஒன்று உண்டு. திருவொற்றியூரிலிருந்து நேரம் கழித்து வந்த இளைஞர், கதவு சாத்தியிருந்ததால் பசியோடு திண்ணையில் படுத்துவிடுகிறார். வடிவுடையம்மன் அண்ணி வடிவில் வந்து எழுப்பிச் சோறு போடுகிறாள். ஏன் தூங்குகிறாய் என்று கேட்கவில்லை. எழுப்பினவள் கையில் சோறு இருந்தது. மற்றபடி ஒருத்தரை எழுப்புவதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

அந்த அண்ணியை இன்றும் பார்க்கலாம். ஒற்றை அறை வீட்டில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, டிவியை அணைத்து, "அப்பா நைட்டு முடிச்சிட்டு வந்து தூங்குறாரு, வெளிய போய் வெளயாடு" என்று பிள்ளைகளை அனுப்புகிற பெண். அவள் செய்வது ஜீவகாருண்யம். அன்னதானத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் சன்மார்க்க சங்கங்கள், ஷிப்ட் சுழற்சியையும் ராத்திரி ஹாரனையும் குழாய்க் கசிவையும் அந்த நோட்டீஸில் சேர்க்கலாம். அரைக்கால் கணக்கை நமக்கு நாமே வைத்துக்கொள்ளலாம், அடுத்தவனுக்கு வைக்கக் கூடாது.